மலாக்காவிலிருந்து திருச்சி, சென்னை: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

"ஊருக்கு நாலு மணி நேரம்தானே?" என்று வீட்டில் சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்தக் கணக்கு விமானத்துக்கு மட்டும்தான் சரி. உங்க பயணத்துக்கு வேறு கணக்கு.

தூரம் எவ்வளவு?

மலாக்காவின் பத்து பெரண்டாம் விமான நிலையத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு விமானச் சேவை இல்லை. கே.எல்.ஐ.ஏ. போய்த்தான் ஏற வேண்டும். அங்கிருந்து நேர்க்கோட்டில் சென்னை சுமார் 2,600 கிலோமீட்டர். திருச்சி சுமார் 2,700 கிலோமீட்டர்.

விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேல் பறக்கும். அப்படியென்றால் மூன்றேகால் மணி நேரம் போதுமே? ஆனால் டிக்கெட்டில் உள்ள நேரம், விமானம் இங்கே நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி அங்கே போய் நிற்பது வரை. ஓடுபாதைக்குப் போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து 4 மணி நேரத்தை நெருங்கும்.

1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலில் நம் தாத்தா பாட்டிமார் இதே கடலைக் கடக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது.

கடிகாரம் குழப்புதா?

இந்தியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கு. காலை 8 மணிக்குப் புறப்பட்டால், அங்கே காலை 9.30-க்கு இறங்குவீங்க. திரும்பும்போது காலை 10 மணிக்கு ஏறினால், இங்கே மாலை 4.30 ஆகிவிடும்.

உண்மையான கணக்கு

ஜாசின், மெர்லிமாவ் பக்கத்திலிருந்து கே.எல்.ஐ.ஏ.வுக்கு சுமார் 2 மணி நேரம். விமான நிலையத்தில் 3 மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். பயணம் 4 மணி நேரம். குடிநுழைவு, பெட்டி எடுக்க 1 மணி நேரம். மொத்தம் 10 மணி நேரம். கிராமத்துக்குப் போகும் கார், பஸ் நேரம் தனி.

முனையத்தையும் பார்த்துக்கோங்க. ஏர் ஏசியா என்றால் முனையம் 2. மலேசியா ஏர்லைன்ஸ் என்றால் முனையம் 1. மாறிப் போனால் ரயிலிலோ பஸ்ஸிலோ மறுபடி ஓட வேண்டியதுதான்.

அவசரமாகப் போகணும்னா?

ஊரில் ஒரு துக்கம் என்றால், பெரும்பாலும் தாமதம் விமானத்தால் வருவதில்லை, விசாவால் வருகிறது. இந்திய இ-விசாவுக்குக் குறைந்தது 4 நாள் முன்பே விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். கடைசியாக முகம் பார்க்க அவ்வளவு நாள் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

அங்கே வயதான சொந்தங்கள் இருந்தால், ஓராண்டு அல்லது ஐந்தாண்டு இ-விசாவை முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது. கடப்பிதழ் இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாகுமா என்று இன்றே பாருங்க. இரண்டும் இல்லாத நிலையில் அவசரம் வந்தால், கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தை உடனே தொடர்புகொண்டு வழி கேளுங்க.