வாஷிங்டனின் தொண்டையில் நேர்ந்தது என்ன?

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1799 டிசம்பர் 14 இரவு மவுண்ட் வெர்னானில் தம் இல்லத்தில் இறந்தார். வயது 67. இரண்டு நாள் முன்புதான் பனியிலும் மழையிலும் குதிரையேறிப் பண்ணையைச் சுற்றி வந்திருந்தார். மறுநாள் தொண்டை கரகரத்தது. 14-ஆம் நாள் விடியுமுன்பே பேச்சுக் குழறி, மூச்சுத் திணறியது. வெல்லப்பாகு, வினிகர், வெண்ணெய் கலந்து கொடுத்தனர்; ஒரு சொட்டும் இறங்கவில்லை. உடனிருந்த செயலாளர் டோபயஸ் லியர் இவற்றையெல்லாம் குறித்து வைத்துள்ளார். பிணப் பரிசோதனை நடக்கவில்லை. எனவே அக்குறிப்புகளே நமக்குச் சாட்சி.

தொண்டை அழற்சி ஒன்றல்ல, பல. டான்சிலை அடுத்துச் சீழ் கட்டினால் வலி பெரும்பாலும் ஒரு பக்கமாக இருக்கும். வாயைத் திறப்பதே கடினம். தொண்டை அடைப்பானில் சாம்பல் நிறச் சவ்வு படரும்; உரித்தால் இரத்தம் கசியும். இரண்டும் முற்றுவதற்குச் சில நாள்களாகும். வாஷிங்டனுக்கோ ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. விழுங்க இயலாமை, அடங்கிய குரல், படுக்க முடியாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தமை ஆகியவை குரல்வளை மூடியின் கடும் அழற்சியையே காட்டுகின்றன என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் முடிவு. உணவு மூச்சுக்குழலில் புகாமல் தடுக்கும் அந்தச் சிறு மடல் வீங்கினால் காற்றுக்கு வழியில்லை. குழாயின் ஆரம் பாதியானால், சீரான ஓட்டத்துக்குக்கூட எதிர்ப்பு 16 மடங்காகும் என்று வகுப்பில் கணக்குப் போடுகிறோமே, அதே கதைதான்.

கிரேக், பிரவுன், டிக் என்னும் மூன்று மருத்துவர்கள் வந்தனர். அக்கால வழக்கப்படி இரத்தம் எடுக்கப்பட்டது. மருத்துவர் வருமுன் பண்ணை மேற்பார்வையாளர் எடுத்ததையும் சேர்த்து நான்கு முறை; மொத்தம் ஏறத்தாழ 80 அவுன்சு, அதாவது இரண்டேகால் லிட்டருக்கு மேல். மனித உடலில் இருப்பதே ஐந்தாறு லிட்டர்தான்! மூவரில் இளையவரான டிக்குக்கு அப்போது வயது 37. இது தொண்டைச் சவ்வின் கடும் அழற்சி என்றார் அவர். இனி இரத்தம் எடுக்க வேண்டாம் என்று தடுத்தார். மூச்சுக்குழலைத் துளைத்து வழி செய்யலாம் என்றும் சொன்னார். அன்று அது அரிதான, அஞ்சத்தக்க அறுவை. மூத்தவர்கள் இணங்கவில்லை.

டிக் சொன்னதைக் கேட்டு மேலும் இரத்தம் எடுக்காதிருந்தால் நம் நண்பர் பிழைத்திருக்கக்கூடும் என்று 1800 ஜனவரியில் பிரவுன், கிரேக்குக்குக் கடிதம் எழுதினார்.