நிலை வகைமுறையும் இயங்கு வகைமுறையும்: நிரலாளர் விருப்பத்தின் வரலாறு

நிரலில் வரும் ஒரு மதிப்பு எண்ணா, எழுத்துச் சரமா, மெய்-பொய்யா என்பதை நிரல் ஓடுவதற்கு முன்பே சரிபார்த்துவிடுவது நிலை வகைமுறை. ஓடும்போது அந்தந்த இடத்தில் பார்த்துக்கொள்வது இயங்கு வகைமுறை. மென்பொருள் அலுவலகங்களில் ஸ்டேட்டிக் டைப்பிங், டைனமிக் டைப்பிங் என்றே பேசுகிறார்கள். சி, சி பிளஸ் பிளஸ், ஜாவா, ஹாஸ்கெல் ஆகியவை முதல் அணி. லிஸ்ப், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, ரூபி இரண்டாம் அணி. எந்த அணி சிறந்தது என்ற வழக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. இதை ஆளுக்கு ஆள் மாறும் ரசனை என்று பலர் சொல்வதுண்டு. ஆனால் பிழை எந்தக் கட்டத்தில் பிடிபட வேண்டும், பிடிபடாமல் போனால் யார் தலையில் விழும் என்பதே இந்த விருப்பத்தைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பாடத்திட்டம்.

தூத்துக்குடி வாசகருக்கு இதை முற்காலத்து முத்துச் சலாபத்தை வைத்து விளக்கலாம். அன்று குளித்தெடுத்த சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்பது ஏலம் எடுத்தவர் திறந்தபோதுதான் தெரிந்தது. இயங்கு வகைமுறை இப்படிப்பட்டது. எடுத்த முத்துகளையோ, துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்து, அளவுவாரியாகப் பிரித்த பிறகே விலை பேசினார்கள். நிலை வகைமுறை அந்தச் சலித்தலைப் போன்றது. ஏலத்தில் வேகம் அதிகம், சலிப்பதில் உறுதி அதிகம்.

தூத்துக்குடி மாவட்டத்தில் மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர் இரண்டு முறைகளையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் சந்திக்கிறார். 2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தின்படி 11ஆம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ். 2019இல் 12ஆம் வகுப்புக்குப் பைத்தான் வந்தது. அதற்கு முந்தைய திட்டத்தில் 12ஆம் வகுப்புக்கு ஸ்டார் ஆபீசும் சி பிளஸ் பிளஸும்தான். ஆகவே 2019க்கு முன் பள்ளியை முடித்தவர்கள் பள்ளியில் பைத்தானைப் பார்க்கவே இல்லை. வகையை அறிவிக்காமல் மாறியை எழுதலாம் என்பது அவர்களுக்குக் கல்லூரியிலோ வேலையிலோ கிடைத்த புதுச் செய்தி.

இந்த மாற்றம் ஆய்வகத்தில் எப்படித் தெரிகிறது என்பதற்கு எளிய இரண்டு வரி நிரலே போதும். பைத்தானில் இன்புட் சார்பு, விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் எழுத்துச் சரமாகவே வாங்கிக்கொள்ளும். 10, 20 என்று கொடுத்துக் கூட்டச் சொன்னால் திரையில் 1020 வரும். முந்தின ஆண்டு இரண்டு மாறிகளையும் இன்ட் என அறிவித்து, அதே எண்களைச் சி பிளஸ் பிளஸில் வாங்கியபோது அதே மாணவருக்கு 30 வந்திருக்கும். 1020 வரும்போது பிழைச்செய்தி ஏதும் வராது என்பதைக் கவனிக்க வேண்டும். நிரலைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே நடந்தது. மதிப்பை எண்ணாக மாற்ற வேண்டிய பொறுப்பு எழுதியவரிடம் வந்துவிட்டது. மறுபக்கம், சி பிளஸ் பிளஸில் ஒரு மாறியை அறிவிக்க மறந்தாலே கம்பைலர் நிரலை ஓட விடாது. முதன்முதலாக நிரல் எழுதும் பிள்ளைக்கு அது கோபக்கார ஆசிரியரிடம் மாட்டிக்கொண்ட உணர்வைத் தரும். பைத்தானை விரும்புவோர் பெருகியதில் இந்த முதல் அனுபவத்தின் பங்கு பெரிது.

வணிகவியல் பிரிவோடு கணினிப் பயன்பாடுகள் எடுக்கும் மாணவர் கதை வேறு. அவருக்கு 11ஆம் வகுப்பில் ஜாவாஸ்கிரிப்ட், 12இல் பிஎச்பி. இரண்டுமே இயங்கு வகைமுறை மொழிகள். மேற்கோள் குறிக்குள் இருக்கும் 5ஐயும் வெறும் 5ஐயும் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் 55 என்கிறது, பிஎச்பி 10 என்கிறது, பைத்தான் வகைப்பிழை என்று நின்றுவிடுகிறது. மூன்றும் ஓடும்போது வகை பார்ப்பவையே. ஆனாலும் விடை மூன்று விதம். வகையை எப்போது பார்ப்பது என்பதும், பார்த்த பின் எவ்வளவு கண்டிப்பு என்பதும் தனித்தனி விஷயங்கள். நிலை வகைமுறை கொண்ட சி மொழியோ பெரிய ஏ என்ற எழுத்தோடு 1ஐக் கூட்டினால் மறுபேச்சில்லாமல் 66 தரும். இயங்கு மொழிகள் எல்லாமே பொறுப்பற்றவை என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

பொறியியல் படிப்பில் வரிசை தலைகீழானது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 ஒழுங்குமுறையில் முதல் பருவத்துக் கணினிப் பாடம் சி மொழியில் இருந்தது. 2017 ஒழுங்குமுறை அந்த இடத்தில் எல்லாத் துறைகளுக்கும் பைத்தானை வைத்தது. கணினித் துறையினர் சி மொழியை இரண்டாம் பருவத்தில் கற்றார்கள். அப்பல்கலைக்கழகம் தூத்துக்குடியில் நடத்தும் வ.உ.சி. பொறியியல் கல்லூரிக்கும் அதே வரிசைதான் இருந்தது. பள்ளியில் கண்டிப்பிலிருந்து தளர்வுக்குப் போன மாணவர், கல்லூரியில் தளர்விலிருந்து கண்டிப்புக்குத் திரும்பினார்.

உலக வரலாற்றில் இரு முறைகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தவை. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரானில் ஐ முதல் என் வரையுள்ள எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் முழு எண், மற்றவை தசம எண் என்ற விதி இருந்தது. வகை பெயருக்குள்ளேயே ஒளிந்திருந்தது. அடுத்த ஆண்டு ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்பில் மாறிக்கு வகையே கிடையாது, மதிப்புக்குத்தான் உண்டு. 1970களில் எடின்பரோவில் ராபின் மில்னர் உருவாக்கிய எம்எல் மொழி மூன்றாவது வழியைத் திறந்தது. நிரலாளர் வகை எழுதத் தேவையில்லை. கம்பைலரே ஊகித்து, ஓடுவதற்கு முன் சரிபார்த்துவிடும். இந்த ஊக முறைக்கான கணிதத்தை ரோஜர் ஹிண்ட்லி 1969இலேயே தனியாகக் கண்டிருந்தார்; மில்னரின் கட்டுரை 1978இல் வந்தது. 1990களில் வலை பரவியபோது பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, ரூபி எல்லாம் அடுத்தடுத்து வந்தன. அன்றைய ஜாவாவில் பக்கம் பக்கமாக வகை எழுதிக் களைத்தவர்களுக்கு அவை விடுதலையாகத் தெரிந்தன.

எம்எல் வழிக்குத் தமிழ்நாட்டில் ஓர் உறுதியான இருப்பிடம் உண்டு. தூத்துக்குடியில் உர ஆலை நடத்தும் ஸ்பிக் நிறுவனத்தின் அறிவியல் அறக்கட்டளையில் 1989இல் தொடங்கிய கணிதப் பள்ளிதான் பின்னாளில் சென்னைக் கணிதக் கழகம் ஆனது. இப்போது சிறுசேரியில் இருக்கிறது. அங்கே இளநிலை மாணவருக்கு நிரலாக்கம் எம்எல் வழியில் வந்த ஹாஸ்கெலில் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. அங்குள்ள பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்திய ஹாஸ்கெல் வகுப்பும் பைத்தான் வகுப்பும் என்பிடெல் இணையப் பாடத்தளம் வழியாக எவர் வீட்டுக்கும் கிடைக்கின்றன. ஒரே ஆசிரியர் இரு அணி மொழிகளையும் ஒரே அக்கறையோடு கற்பிப்பதைக் கேட்டவருக்கு அணிப் பற்று தானாகக் குறையும்.

எம்எல் குடும்பத்தின் சாயலை 12ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலேயே காணலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதன் முதல் பாடம் சார்பு பற்றியது. ஓர் எண்ணின் அடுக்கைக் கணக்கிடும் சார்பை அளபுருக்களுக்கு வகை குறிக்காமல் ஒருமுறையும், வகை குறித்து மறுமுறையும் எழுதிக்காட்டுகிறது. பொதுவாக வகையைக் கம்பைலரே ஊகித்துக்கொள்ளும் என்றும், புரியாத வகைப்பிழை வரும்போது நாமே குறித்துவிடுவது பிழை தேட உதவும் என்றும் விளக்குகிறது. அந்த எழுத்துமுறை பைத்தானுடையதும் அல்ல, சி பிளஸ் பிளஸுடையதும் அல்ல என்பதால் பலர் அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். இந்த வழக்கின் மிக ஆழமான வாதம் அந்த ஒன்றிரண்டு பக்கங்களில்தான் இருக்கிறது. வகுப்பில் அதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.

எந்த முறையில் பிழை குறைவு என்று அளந்து பார்க்கும் முயற்சிகளும் நடந்தன. அவற்றில் அதிகம் பேசப்பட்டது 2014இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திலிருந்து வந்தது. பைசாகி ராய், சென்னை ஐஐடியில் படித்த பிரேம்குமார் தேவன்பு ஆகியோர் அதன் ஆசிரியர்களில் அடக்கம். கிட்ஹப்பில் இருந்த 729 திட்டப்பணிகளை, 17 மொழிகளில், ஆராய்ந்தார்கள். நிலை வகைமுறை ஓரளவு மேல் என்றும், ஆனால் அந்த வேறுபாடு சிறியது என்றும் முடிவு சொன்னார்கள். 2019இல் எமரி பெர்கர், யான் விடெக் உள்ளிட்டோர் அதே தரவை மீண்டும் ஆய்ந்து, முந்தைய முடிவுகளில் பலவற்றை உறுதிசெய்ய முடியவில்லை என்று எழுதினார்கள். இன்னொரு கோணத்தில், 2017இல் வெளியான ஓர் ஆய்வு, வெளியான ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களில் பின்னர் திருத்தப்பட்ட பிழைகளில் சுமார் 15 சதவீதத்தை வகை குறித்திருந்தால் முன்பே பிடித்திருக்கலாம் என்றது. 15 சதவீதம் சிறிதா பெரிதா என்பது மென்பொருள் எங்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. ஒருமுறை ஓடி முடியும் கணக்குத் தாளுக்கு அது ஒன்றுமில்லை. பல ஆண்டுகள், பல கைகள் மாறி ஓடும் துறைமுகச் சரக்குக் கணக்குக்கு அது பெரிய தொகை.

இதற்கிடையே இரு முறைகளையும் இணைக்கும் முயற்சிகளும் நடந்தன. 2006இல் ஜெரமி சீக், வாலித் தாஹா இருவரும் படிப்படி வகைமுறை என்ற யோசனையை முன்வைத்தார்கள்: ஒரே நிரலில் சில பகுதிகளுக்கு வகை குறிக்கலாம், மீதியை விட்டுவிடலாம். 2012இல் மைக்ரோசாஃப்ட், ஜாவாஸ்கிரிப்டோடு வகைக் குறிப்பைச் சேர்க்கும் டைப்ஸ்கிரிப்ட்டை வெளியிட்டது. 2015இல் பைத்தான் 3.5 வகைக் குறிப்புகளுக்கான நூலகத்தைச் சேர்த்தது. எதிர்த்திசையில் 2011இல் சி பிளஸ் பிளஸும் 2018இல் ஜாவாவும் வகையைக் கம்பைலரே ஊகிக்கும் வசதியைப் பெற்றன. இரு அணிகளும் நடுவை நோக்கி நடந்துவிட்டன.

தமிழர் உருவாக்கிய மொழிகளிலும் இந்தத் தேர்வுகளைப் பார்க்கலாம். முத்தையா அண்ணாமலை தமிழ்க் குறிச்சொற்களால் அமைத்த எழில் மொழி பைத்தானின் மேல் கட்டப்பட்டது. அதில் மாறிக்கு வகை அறிவிக்க வேண்டியதில்லை. பதிப்பி என்று எழுதி, எண்ணோ சொல்லோ எதைக் கொடுத்தாலும் திரையில் வரும். முதன்முதலாக நிரல் எழுதும் தமிழ்க் குழந்தைக்கு அது பொருத்தமான முடிவு. தென்காசி மத்தளம்பாறையில் பெரிய அலுவலகம் நடத்தும் சோஹோவின் டெலூஜ் மொழி நடுவழியில் நிற்கிறது. சார்பின் வாயிலில், அதாவது உள்ளே வரும் அளபுருக்களுக்கும் திரும்பத் தரும் மதிப்புக்கும், வகை எழுத வேண்டும். உள்ளே புழங்கும் மாறிகளுக்கு வேண்டாம். பிறர் எழுதிய நிரலோடு நம் நிரல் சேருமிடம் சார்பின் வாயில்தான் என்பதால் கட்டுப்பாட்டை அங்கே மட்டும் வைத்திருக்கிறார்கள்.

பைத்தானின் வகைக் குறிப்புகளும் பெரும்பாலும் அதே வாயிலில்தான் எழுதப்படுகின்றன. நிரல் ஓடும்போது பைத்தான் அவற்றைச் சரிபார்ப்பதில்லை. மைபை போன்ற கருவியை முன்கூட்டி ஓட்டினால்தான் அவற்றுக்கு முரணான பிழைகள் பிடிபடும்.