‘நாம் இருவர்’ என்று சொன்னது யார்? குடும்பக் கட்டுப்பாடும் ஆவணப்படத் திரையிடல்களும்

பல்கலைக்கழகங்களில் உலகச் சுகாதாரம் பற்றிய ஆவணப்படங்களைத் திரையிட்டு, அதன்பின் கலந்துரையாடுவது இன்று வழக்கமான நிகழ்வாகிவிட்டது. படம் முடிந்ததும் விளக்குகள் எரிகின்றன. சிறப்பு விருந்தினர் பேசுகிறார். மாணவர்கள் வினாக்கள் கேட்கிறார்கள். பார்த்தவர் பேசலாம் என்னும் இந்த உரிமைக்கு இந்தியாவில் ஒரு வரலாறு உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தோடு இணைத்துப் பார்த்தால் அது தெளிவாகப் புலப்படும்.

விடுதலைக்குப் பின், 1948இல், ஃபிலிம்ஸ் டிவிஷன் நிறுவப்பட்டது. அரசு ஏற்பளித்த செய்திப்படத்தையோ ஆவணப்படத்தையோ ஒவ்வொரு காட்சியிலும் காட்டியாக வேண்டும் என்பது திரையரங்குகளுக்கான உரிமத்தின் நிபந்தனையாக இருந்தது. கதைப்படம் பார்க்கச் சீட்டு வாங்கியவர், அணைக்கட்டு, உழவு, தடுப்பூசி பற்றிய அரசின் குரலையும் கேட்க நேர்ந்தது. திரையரங்கு இல்லாத ஊர்களுக்கு, 1953இல் ஐந்தாண்டுத் திட்ட விளம்பரத்துக்காகத் தொடங்கப்பட்ட அமைப்பின் வண்டிகள் படம் காட்டும் கருவிகளோடு சென்றன. அங்கும் பேச்சு நிகழ்ந்தது. ஆனால் மக்களின் ஐயங்களைத் தீர்த்து அவர்களைத் திட்டத்துக்கு இணங்கச் செய்வதே அப்பேச்சின் நோக்கம். திட்டம் சரியா என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை.

1952இல் இந்தியா, உலக நாடுகளுள் முதலாவதாக, குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக அறிவித்தது. 1960களில் ஃபோர்டு அறக்கட்டளை உள்ளிட்ட வெளிநாட்டு நிறுவனங்களின் பணமும் ஆலோசனையும் இத்திட்டத்துக்குள் வந்தன. ஏழை நாடுகளின் மக்கள்தொகைப் பெருக்கத்தை உலகச் சிக்கலாகக் கண்ட காலம் அது. சிவப்பு முக்கோணம் சுவர்களில் ஏறியது. இந்தியில் ‘ஹம் தோ, ஹமாரே தோ’ என்றும் தமிழில் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்றும் முழக்கம் பரவியது.

இம்முழக்கத்தின் இலக்கணம் கவனிக்கத்தக்கது. இந்தியின் ‘ஹம்’ கேட்பவரை உட்படுத்தியும் விலக்கியும் பொருள் தரக்கூடியது. தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தமிழ் முழக்கம் ‘நாம்’ என்பதைத் தேர்ந்தது. கணவனும் மனைவியும் தமக்குள் பேசி எடுத்த முடிவைப்போல அது ஒலிக்கிறது. எழுதியது அரசு, பேசுவதாகக் காட்டப்பட்டது தம்பதி. மக்களின் வாயில் தன்மைப் பன்மையை வைத்து அரசு பேசியது. ஃபிலிம்ஸ் டிவிஷனின் குடும்பக் கட்டுப்பாட்டுப் படங்களுள் கலைத்திறன் மிக்கவையும் உண்டு. பிரமோத் பதி இத்தலைப்பிலேயே துணிச்சலான வடிவச் சோதனைகளைச் செய்தார். வடிவம் புதியதாயினும் பேசும் திசை மாறவில்லை.

1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 ஊர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி சென்றது. உடல்நலமும் குடும்பக் கட்டுப்பாடும் அதன் பாடங்களுள் அடங்கும். நெருக்கடிநிலை நடந்துகொண்டிருந்த ஆண்டும் அதுவே. 1976–77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். வட மாநிலங்களில் கட்டாயம் பரவலாக இருந்தது. 1977 தேர்தலில் ஆளும் கட்சி தோற்றபின் திட்டத்தின் பெயர் ‘குடும்ப நலம்’ என மாறியது. ஆண்களிடம் மீண்டும் நெருங்க அரசியல்வாதிகள் அஞ்சினர். அறுவைக் கத்தி பெண்களின் பக்கம் திரும்பியது.

1980இல் பெங்களூரில் தீபா தன்ராஜ், ஆபா பையா, மீரா ராவ், நவ்ரோஸ் காண்ட்ராக்டர் ஆகியோர் யுகாந்தர் என்னும் பெண்ணியத் திரைக்குழுவை உருவாக்கினர். புணேயின் வீட்டுவேலைப் பெண்கள், நிப்பாணியின் புகையிலைத் தொழிலாளிகள் ஆகியோரோடு இணைந்து அவர்கள் படமெடுத்தனர். அப்படங்கள் தொழிற்சங்கக் கூட்டங்களிலும் பெண்கள் குழுக்களிலும் காட்டப்பட்டன. படம் முடிந்தபின் நிகழும் பேச்சுக்காகவே படம் எடுக்கப்பட்டது எனலாம். ஒரு நகரத்துப் பெண்களின் போராட்டத்தை மற்றோர் ஊரின் பெண்கள் பார்த்துத் தம் நிலையோடு ஒப்பிட்டனர். அங்கே ஐயம் தீர்க்க அதிகாரி இல்லை.

1983இல் யுகாந்தர், ஐதராபாத்தின் ஸ்த்ரீ சக்தி சங்கடனா அமைப்போடு சேர்ந்து, குடும்ப வன்முறை பற்றி ‘இதி கத மாத்ரமேனா’ என்னும் தெலுங்குப் படத்தை உருவாக்கியது. ‘இது வெறும் கதைதானா?’ என்பது அத்தலைப்பின் பொருள். தலைப்பே பார்வையாளரை நோக்கிய வினா. அதே சங்கடனா சில ஆண்டுகளில் வேறொரு வினாவை எழுப்பியது. 1985இல் ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் நெட்-என் என்னும் கருத்தடை ஊசியைச் சோதிக்க முற்பட்டபோது, அது சோதனை என்பதே பெண்களுக்கு முறையாகச் சொல்லப்படவில்லை எனச் செயற்பாட்டாளர்கள் கண்டறிந்தனர். 1986இல் சங்கடனா, சஹேலி முதலிய அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. திரையிடலுக்குப் பின் வட்டமாக அமர்ந்து பேசிப் பழகிய இயக்கமே, பன்னாட்டு மருந்துச் சோதனையின் ஒப்புதலையும் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது.

இப்பின்னணியில்தான் தீபா தன்ராஜின் ‘சம்திங் லைக் எ வார்’ (1991) என்னும் 52 நிமிடப் படத்தைப் பார்க்க வேண்டும். கருத்தடை முகாமில் தன் வேகத்தைப் பெருமையோடு எடுத்துரைக்கும் மருத்துவர் ஒருபுறம். தம் உடல், இச்சை, கருவுறுதல் பற்றித் தமக்குள் உரையாடும் பெண்கள் குழு மறுபுறம். முகாமில் பெண்ணின் உடல் பேச்சற்றுக் கிடக்கிறது. குழுவில் அதே உடல் பேச்சின் பொருளாகவும் பேசுபவராகவும் எழுகிறது. அரசின் ‘நாம்’ இங்கே இல்லை. ‘நாங்கள்’ என்று சொல்லக்கூடிய பெண்கள் இருக்கிறார்கள்.

திட்டத்தின் கலைச்சொற்களையும் இப்படம் ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. அறுவை செய்துகொண்டவரை ஆவணங்கள் ‘ஏற்பாளர்’ என்றன. இலக்கணப்படி ஏற்பவர் எழுவாய், செயல் அவருடையது. முகாமிலோ அவர் செயப்படுபொருள். ஊக்கத்தொகை, ஊழியர் எட்டவேண்டிய ‘இலக்கு’, ஆள் பிடிக்கும் ‘ஊக்குவிப்பாளர்’ ஆகிய அனைத்தும் அந்த ஒற்றைப் பெயர்ச்சொல்லுக்குள் மறைந்துபோயின.

1994 செப்டம்பரில் கெய்ரோவில் கூடிய பன்னாட்டு மாநாடு, எண்ணிக்கையை விட்டு இனப்பெருக்க உரிமையைப் பேசியது. 1996 ஏப்ரலில் இந்திய அரசு கருத்தடை இலக்குகளைக் கைவிட்டது. ஒரு படத்தின் வெற்றி இது என்பது மிகையாகும். பல நாடுகளின் பெண்கள் இயக்கங்கள் நெடுங்காலம் உழைத்ததன் பயன். அந்த வெற்றியும் முழுமையானதன்று. ‘இலக்கு’ போய், ‘எதிர்பார்க்கப்படும் சாதனை அளவு’ என்ற தொடர் ஆவணங்களுக்குள் வந்தது. சொல் மாறியது, ஊழியரின் தோள்மேல் இருந்த எண் முற்றிலும் இறங்கவில்லை.

2012 ஜனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில், ஒரு பள்ளிக் கட்டடத்தில், ஒரே இரவில் 53 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டது. 2014 நவம்பர் 8 அன்று சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்தார். அம்மாவட்டத்தில் அந்நாட்களில் நடந்த முகாம்களுக்குப் பின் 13 பெண்கள் இறந்தனர். 1991இல் திரையில் கண்ட வேகம் அப்படியே இருந்தது.

அராரியா நிகழ்வை முன்வைத்துத் தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில், 2016 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருத்தடை முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும். அறுவையின் விளைவுகளை உரியவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். மனம் மாறினால் விலகிக்கொள்ளச் சுமார் ஒரு மணி நேர அவகாசம் தர வேண்டும் என்று அது பணித்தது. ஒப்புதல் என்பது கையொப்பமோ கைநாட்டோ மட்டுமாக இருக்க முடியாது, மொழியும் நேரமும் சேர்ந்ததே ஒப்புதல் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

திரையிடலை நடத்துவோருக்கும் இதில் ஒரு பாடம் உள்ளது. படத்துக்குப் பின் வல்லுநர் ஒருவர் நெடுநேரம் விளக்கி, எஞ்சிய பத்து நிமிடத்தில் மாணவர்களின் ‘ஐயங்களைத்’ தீர்த்தால், அது பழைய விளம்பர வண்டியின் முறைதான். எந்த மொழியில் பேசப்படுகிறது, அம்மொழியில் தயங்குபவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது, படத்தில் காணப்படும் பெண்களின் இடத்திலிருந்து பேசக்கூடியவர் அவையில் உண்டா என்பவை ஏற்பாட்டாளர் முன்கூட்டியே எண்ணவேண்டியவை. திரைப்படத்தையும் விசாரணைக்கு அப்பால் வைக்கலாகாது. அறுவை மேசையில் கிடக்கும் பெண்ணை நோக்கிய கேமரா அவளிடம் எவ்வாறு ஒப்புதல் பெற்றது என்று ஒரு மாணவி கேட்டால், அவ்வினா படத்தைக் குறைப்பதாகாது. அப்படம் எழுப்பிய வினாவையே அவள் தொடர்கிறாள்.

திட்டத்தைக் காட்டி இணங்கச் செய்த திரை ஒன்று. காட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த திரை மற்றொன்று. இரண்டும் இந்தியாவில் வேறுவேறு காலங்களில் தோன்றினாலும், இன்று ஒரே அரங்கில் அருகருகே இருக்கின்றன. விளக்குகள் எரிந்தபின் அங்கு முதலில் பேசுபவர் யார் என்பதைக் கொண்டே அது எந்தத் திரை என அறியலாம்.