மாற்றுச் சான்றிதழ்: சலுகையல்ல, உரிமை

சாதி வன்முறைக்கு அஞ்சி ஊரைவிட்டு வெளியேறும் குடும்பமும், செங்கல் சூளை வேலைக்காக இடம்பெயரும் குடும்பமும் புதிய ஊரின் பள்ளி வாசலில் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றே: "டி.சி. எங்கே?" அந்தத் தாளுக்காக, எந்த ஊருக்கு அஞ்சி வந்தார்களோ அதே ஊருக்குப் பெற்றோர் திரும்பிச் செல்ல நேர்கிறது. இயலாதபோது பிள்ளையின் படிப்பு அறுந்துபோகிறது. இந்த நிலையைச் சட்டம் ஏற்கவில்லை என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

2009ஆம் ஆண்டின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பொருந்தும். அதன் 5ஆம் பிரிவின்படி, எக்காரணத்தால் இடம்பெயர்ந்தாலும், மாநிலத்திற்குள்ளோ வெளியிலோ, வேறொரு அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறுவது குழந்தையின் உரிமை. முந்தைய பள்ளியின் தலைமை ஆசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனடியாக வழங்க வேண்டும். தாமதித்தால் அவர்மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது.

வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க 14ஆம் பிரிவு தடை விதிக்கிறது. கல்வியாண்டின் இடையில் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு.

மறுக்கப்பட்டால் என்ன செய்வது? சேர்க்கை கோரும் மனுவை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும். 32ஆம் பிரிவின்கீழ் உள்ளூர் அதிகார அமைப்பிடம் புகார் அளிக்கலாம். அது மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். அம்முடிவை எதிர்த்து மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகள் கல்வி நிறுவனத்திற்குள் நுழைவதை அப்பிரிவுகளைச் சாராத ஒருவர் தடுத்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்.ஏ.) பிரிவின்கீழ் வரும் குற்றமாகும்.

இச்சட்டத்தின் எல்லைகளையும் மறைப்பதற்கில்லை. கேந்திரிய வித்யாலயா, நவோதயா, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு மாறும் உரிமையை 5ஆம் பிரிவு தரவில்லை. எட்டாம் வகுப்போடு இதன் பாதுகாப்பும் முடிந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் படிப்பை இழக்கும் அபாயம் மிகுந்த ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு இந்த உரிமை நீள வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அதுவரை, கையிலிருக்கும் 5ஆம் பிரிவைப் பள்ளி வாசலில் உரத்துச் சொல்வோம்.