வெள்ளைக்கொடியும் வாக்குச்சீட்டும்: இலங்கை அதிபர் தேர்தல்கள் பற்றி ஒரு குறிப்பு

2010 ஜனவரி 26. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அன்று நடந்த இலங்கை அதிபர் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் அதிக வாக்கு வாங்கியவர் யார் தெரியுமா? அந்தப் போரை நடத்திய ராணுவத் தளபதி சரத் பொன்சேகா. அவருடைய அன்னம் சின்னத்துக்கு 1,13,877 வாக்குகள். அன்றைய அதிபர் மகிந்த ராஜபக்சவின் வெற்றிலைச் சின்னத்துக்கு 44,154.

முதன்முதலில் இந்த எண்களைப் பார்த்தபோது எக்செல் ஷீட்டில் ஏதோ வரிசை மாறிவிட்டது என்றுதான் நமக்குத் தோன்றும். மாறவில்லை. மட்டக்களப்பிலும், வன்னியிலும், திருகோணமலையிலும் இதே கதைதான். ஆனால் நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் மகிந்தவுக்கு 60,15,934 (57.88%), பொன்சேகாவுக்கு 41,73,185 (40.15%). பதினெட்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

போர்க்காலத்து ஊழலும் மீறலும் அம்பலமானால் வாக்காளர் மனசு மாறுமா? இந்தக் கேள்விக்கு இலங்கையை விட நல்ல சோதனைக்களம் கிடைப்பது கஷ்டம். ஒரே தேர்தல், ஒரே வேட்பாளர்கள், ஒரே குற்றச்சாட்டு. ஆனால் தெற்கில் ஒரு முடிவு, வடக்கில் நேர் எதிரான முடிவு.

தேர்தலுக்கு முன்பே தெரிந்திருந்தது என்ன?

2006இல் இலங்கை விமானப்படைக்காக உக்ரைனிலிருந்து நான்கு மிக்-27 போர் விமானங்கள் வாங்கப்பட்டன. இரண்டு அரசுகளுக்கு இடையிலான நேரடி ஒப்பந்தம் என்று அரசு சொன்னது. ஆனால் பணம் போகவேண்டிய இடமாகக் காட்டப்பட்டிருந்தது பிரிட்டனில் பதிவான பெல்லிமிஸ்ஸா என்கிற கம்பெனி. விலை சுமார் 1.4 கோடி டாலர். சண்டே டைம்ஸ், சண்டே லீடர் ஆகிய இரண்டு கொழும்புப் பத்திரிகைகள் இதைத் தொடர்ந்து எழுதின. அப்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் அதிபரின் தம்பி கோத்தாபய ராஜபக்ச. அவர் குற்றச்சாட்டை மறுத்து, சண்டே லீடர் மேல் மானநஷ்ட வழக்குப் போட்டார்.

2007 நவம்பரில் சண்டே லீடரின் அச்சகம் எரிக்கப்பட்டது. 2009 ஜனவரி 8 அன்று அதன் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க, கொழும்பின் புறநகரில் வேலைக்குப் போகும் வழியில் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

ஆக, 2010இல் வாக்களித்தவர்களுக்கு விஷயமே தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் எத்தனை பேருக்கு, எந்த மொழியில் தெரிந்தது என்று கேட்க வேண்டும். மேலே சொன்ன இரண்டும் ஆங்கிலப் பத்திரிகைகள். அம்பாந்தோட்டையிலோ மொனராகலையிலோ இருக்கும் ஒரு விவசாயி வீட்டுக்குச் செய்தி வரும் வழி அரசுத் தொலைக்காட்சியும் அரசு வானொலியும்தான். அதில் வந்தது வெற்றி, வெற்றி, வெற்றி. அரசு ஊடகங்கள் தன் வழிகாட்டுதலை மதிக்கவில்லை என்று அன்றைய தேர்தல் ஆணையாளர் தயானந்த திசாநாயக்கவே பகிரங்கமாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

வெள்ளைக்கொடி

2009 மே 18 அதிகாலையில் புலிகளின் அரசியல் பிரிவுத் தலைவர் நடேசன், சமாதானச் செயலகத் தலைவர் புலித்தேவன் ஆகியோர் வெள்ளைக்கொடியோடு சரணடையப் போனார்கள். அதன்பின் பிணமாகத்தான் கிடைத்தார்கள். அதற்கு முந்தைய மணிநேரங்களில் ஐ.நா. அதிகாரி விஜய் நம்பியார், லண்டன் சண்டே டைம்ஸ் நிருபர் மேரி கொல்வின் போன்றவர்கள் வழியாகச் சரணடைவு பற்றிய பேச்சு நடந்தது. தமிழர்கள் இதை முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்பார் இல்லை.

2009 டிசம்பர் 13 அன்று, தேர்தலுக்கு ஆறு வாரம் இருக்கும்போது, சண்டே லீடரில் பொன்சேகாவின் பேட்டி வந்தது. சரணடைபவர்களைக் கொல்லச் சொல்லி கோத்தாபய களத்தில் இருந்த தளபதி ஒருவருக்கு உத்தரவிட்டதாகத் தனக்குப் பின்னர் தெரியவந்தது என்று அவர் சொன்னதாக அந்தச் செய்தி கூறியது. அரசு மறுத்தது. பொன்சேகாவும் அடுத்த சில நாட்களில் தன் பேச்சு திரிக்கப்பட்டுவிட்டதாகச் சொல்லிப் பின்வாங்கினார். ஆனால் சொல் வெளியே போய்விட்டது.

அதற்கப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். தெற்கில் ஒருவரும் "அப்படி உத்தரவு போனதா, இல்லையா?" என்று கேட்கவில்லை. "ராணுவ வீரர்களைக் காட்டிக்கொடுக்கிறானே துரோகி" என்பதுதான் பேச்சானது. அதாவது அம்பலமான விஷயம் அப்படியே நிற்க, அம்பலப்படுத்தியவர்தான் விசாரணைக்கு ஆளானார். கூடவே பொன்சேகாவின் மருமகன் சம்பந்தப்பட்ட ஹைகார்ப் ஆயுதக் கொள்முதல் விவகாரத்தை ஆளுங்கட்சி மேடைக்கு மேடை பேசியது. மிக் விமானம் ஒரு பக்கம், ஹைகார்ப் ஒரு பக்கம். இரண்டு தரப்பிலும் ஊழல் என்றானபின் அது தராசில் எடையாகவே இல்லை. மிஞ்சியது ஒரே கேள்வி: போரை ஜெயிச்சுக் கொடுத்தது யார்? அதற்கு விடை தெற்கில் தயாராக இருந்தது. பதவிக்காலம் முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்போதே மகிந்த தேர்தலை அறிவித்ததற்குக் காரணமும் அதுதான். வெற்றியின் சூடு ஆறுவதற்குள் வாக்காக்கிவிட வேண்டும்.

2005இல் எதிர்க்கட்சி வேட்பாளர் ரணில் விக்கிரமசிங்க 48.43% வாங்கியிருந்தார். 2010இல் அதே எதிர்த்தரப்பு, ஒரு போர் நாயகனை நிறுத்தியும், 40.15%தான் எடுத்தது. ஊழல் செய்திகளும் வெள்ளைக்கொடிப் பேட்டியும் சேர்ந்து தெற்கில் மகிந்தவுக்குக் கொஞ்சம் சேதம் செய்திருக்கலாம். ஆனால் வெற்றி கொடுத்த லாபம் அதைவிடப் பல மடங்கு.

வடக்கில் வேறு கணக்கு

அதே பேட்டியை யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. புதிது, சொன்ன ஆள். தாங்கள் சொல்லி யாரும் நம்பாத ஒன்றை, உள்ளேயிருந்த தளபதியே வாய்விட்டுச் சொல்கிறார். அது சாட்சி.

இதை மட்டும் வைத்து "வெள்ளைக்கொடிதான் அந்த 1,13,877 வாக்கையும் கொண்டுவந்தது" என்று எழுதினால் அது ஆராய்ச்சி ஆகாது. வாக்குச்சீட்டில் காரணம் எழுதும் கட்டம் கிடையாது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஜனவரி முதல் வாரத்தில் பொன்சேகாவை ஆதரிப்பதாக அறிவித்தது. மகிந்தவை இறக்க வேறு வழி இல்லை என்கிற எண்ணமும் இருந்தது. எல்லாவற்றையும் விட முக்கியம், யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்கள் நாலில் ஒரு பங்குதான். மீதி முக்கால் பங்கு வாக்களிக்கவே இல்லை. பலர் இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தார்கள். இரண்டு பேரில் யாருக்குப் போட்டாலும் கை கூசும் என்று வீட்டில் இருந்தவர்களும் உண்டு. அந்த மௌனத்தையும் தேர்தல் முடிவில் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

வாக்களிக்காமல் இருப்பதன் விலை 2005இல் தெரிந்தது. அந்தத் தேர்தலில் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாணத்தில் சுமார் 7 லட்சம் வாக்காளர்களில் 1.2% பேர்தான் வாக்களித்தார்கள். மகிந்த ஜெயித்த வித்தியாசம் 1,80,786 வாக்கு. அந்தப் புறக்கணிப்புக்காகப் பணம் கைமாறியது என்ற குற்றச்சாட்டை மகிந்தவின் அமைச்சரவையிலிருந்து நீக்கப்பட்டவர்களே 2007இல் கிளப்பினார்கள். மகிந்த தரப்பு மறுத்தது. எந்த நீதிமன்றத்திலும் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள்: முதலில் வாக்கு, இரண்டு வருஷம் கழித்துக் குற்றச்சாட்டு.

நம் பக்கத்துக் கதை

இது இலங்கைக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. கார்கில் போர் 1999 மே முதல் ஜூலை வரை நடந்தது. செப்டம்பர், அக்டோபரில் மக்களவைத் தேர்தல். போரின்போது அவசரமாக வாங்கிய சவப்பெட்டி முதலான பொருட்கள் பற்றிய தணிக்கை அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது 2001 டிசம்பரில். வாக்காளர் வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் 2004இல் முசாபர்பூரில் ஜெயித்தார். வழக்கில் சேர்க்கப்பட்ட ராணுவ அதிகாரிகளும் பின்னால் விடுவிக்கப்பட்டார்கள்.

போபர்ஸ் இன்னும் சுவாரசியம். 1989 நவம்பர் தேர்தலில் அந்தப் பீரங்கி பேரம் வட இந்தியாவில் காங்கிரஸைச் சாய்த்தது. தமிழ்நாட்டில்? காங்கிரஸ், அதிமுக கூட்டணி 39இல் 38 தொகுதிகளை அள்ளியது. பத்து மாதம் முன்புதான் சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்திருந்த திமுகவுக்கு ஒரு தொகுதிகூட இல்லை. இத்தனைக்கும் இந்திய அமைதிப்படை அப்போது இலங்கையில்தான் இருந்தது. ஒரே ஊழல், ஒரே நாள் தேர்தல் செய்தி, ஆனால் அலகாபாத்தில் ஒரு அர்த்தம், அரக்கோணத்தில் ஒரு அர்த்தம்.

எங்கள் திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழனின் பெரிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஆதுலசாலைக்கும் கல்விச்சாலைக்கும் ஒதுக்கிய நெல் கணக்கு நாழி, உரி வரை அதில் உண்டு. ஆனால் முதலில் வருவது மெய்க்கீர்த்தி: ராஜா எந்தப் போரில் யாரை ஓடஓட விரட்டினார் என்பது. கணக்கு அதற்குப் பிறகுதான். இங்கிருந்து அதிக தூரமில்லாத உத்திரமேரூரில், 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்னொரு மாதிரி யோசிக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடவோலைக்கு எழுதவே கூடாது. அது நிலம் வைத்திருந்த பிராமணர்களின் சபைக்கு மட்டும் ஆன விதி. அதை இன்றைய ஜனநாயகத்தோடு ஒப்பிட்டுப் பெருமைப்படுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த விதியில் ஒரு தெளிவு இருக்கிறது. கணக்குக் கேட்கும் வேலையை ஓலை எடுக்கும் நாளுக்கு அது தள்ளிவிடவில்லை. ஓலை பானைக்குள் போகும் முன்பே முடித்துவிடுகிறது.

இலங்கையில் நடந்தது இதற்கு நேர்மாறு. போர் நடக்கும்போது கணக்குக் கேட்டால் துரோகி. போர் முடிந்ததும் மெய்க்கீர்த்தி படிக்கிற நேரம். அதுவும் முடிந்தபின் "பழசை எதற்குக் கிளறுகிறீர்கள்?" 2019இல் கோத்தாபய தானே வேட்பாளரானார். சரணடைந்தவர்கள் எங்கே என்று நிருபர்கள் கேட்டபோது, ராணுவத்தை நடத்தியது நான் இல்லை, தளபதி என்றார். எதிர்காலத்தைப் பற்றிக் கேளுங்கள் என்றும் சொன்னார். ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்திருந்ததால் நாடு மறுபடியும் காவலாளியைத் தேடிக்கொண்டிருந்தது. 52.25% வாக்கு. யாழ்ப்பாணத்தில் அவருக்குக் கிடைத்தது 6.24%.

அவரை 2022 ஜூலையில் நாட்டை விட்டு ஓடவைத்தது மிக் விமானமும் இல்லை, வெள்ளைக்கொடியும் இல்லை. பெட்ரோல், எரிவாயு, பால்மா. ஊழலும் குடும்ப ஆட்சியும் தெற்கு வாக்காளருக்கு அப்போதுதான் சொந்தக் கணக்காக மாறியது. 2024இல் அதிபர் தேர்தலில் நின்ற பொன்சேகாவுக்கு நாடு முழுக்கக் கிடைத்தது சுமார் 22 ஆயிரம் வாக்கு. போர் வெற்றியின் விலை அந்த அளவுக்கு இறங்கியிருந்தது.

வெள்ளைக்கொடி விஷயத்தில் ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2011 நவம்பர் 18இல் கொழும்பு உயர் நீதிமன்றம் மூன்று வருஷச் சிறை விதித்தது. யாருக்கு? பொன்சேகாவுக்கு. அந்தப் பேட்டியால் மக்களிடையே கலவரமூட்டும் வதந்தி பரப்பினார் என்பது குற்றம். சரணடைந்தவர்களுக்கு என்ன ஆனது என்று விசாரித்து அந்த நாட்டில் இதுவரை எந்த நீதிமன்றமும் ஒருவரையும் தண்டிக்கவில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் கோயில் வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் அம்மாக்கள். தங்கள் கையால் ராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளையின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு. அதற்கப்புறம் இரண்டு அதிபர் தேர்தல்கள் வந்து போய்விட்டன. ஒவ்வொரு வேட்பாளரும் வடக்குக்கு வாக்குக் கேட்க வந்தார்கள். அந்த அம்மாக்கள் கேட்பது வாக்குறுதி இல்லை. ஒரு பட்டியல். யார் யாரை, எந்த நாளில், எங்கே ஒப்படைத்தோம். அவர்கள் இப்போது எங்கே? பல அம்மாக்கள் பதில் தெரியாமலே செத்துப்போனார்கள். இருப்பவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.