சப்பாத்திக்கள்ளியின் சரித்திரமும் நம் கால்நடைகளும்

நம் கயத்தாற்றுச் சீமையில் மழை பொய்த்த ஆண்டுகளில் முதலில் வாடுவன வாயில்லா ஜீவன்களே. சோளத்தட்டைப் படப்புத் தீர்ந்ததும் உழவன் தன் மாட்டைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வெறுந்தொழுவை நோக்கி நிற்கின்றான். ஆதலின், முள்ளில்லாக் கள்ளியைத் தீவனமாக வளர்க்கலாம் என்று இக்காலத்து அறிஞர் கூறுவதை நாம் அசட்டை செய்தல் தகாது. எனினும், கள்ளி இந்நாட்டில் வாழ்ந்த வரலாற்றை அறிந்தே அதனைக் கைக்கொள்ளல் வேண்டும்.

சப்பாத்திக்கள்ளியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். செஞ்சாயம் தரும் கொச்சினீல் என்னும் பூச்சி அதன் மடலை உண்டு வாழ்வது. அச்சாயத்தால் வரும் பெரும்பொருளை விழைந்து, சென்னையிற் கும்பினி வைத்தியராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார் சைதாப்பேட்டையிற் கள்ளித்தோட்டம் வைத்தார். 1795-இல் கேப்டன் நீல்சன் என்பார் பிரேசிலிலிருந்து வங்காளத்திற்குக் கொணர்ந்த பூச்சியோ உயர்ந்த சாயம் தரும் ஜாதியன்று. அது கள்ளியைத் தின்று அழிப்பதிலேயே வல்லதாயிருந்தது. அக்குணங் கண்டு, 1836 முதல் 1838 வரை தென்னாட்டிற் கள்ளியை ஒழிக்கவே அதனை விட்டனர். ஒருவகைக் கள்ளி மாண்டது. மற்றொருவகை எஞ்சி, வேலியினின்று விளைநிலத்திற் புகுந்தது. 1926-இல் இலங்கை வழியாக வந்த வேறொரு கொச்சினீல் பூச்சி அதனையும் சில ஆண்டுகளில் ஒடுக்கிற்று.

நாம் பகையென்று ஒழித்த அச்செடியின் இனத்தையே மெக்சிகோ, பிரேசில், துனிசியா முதலிய நாட்டார் ஆடுமாடுகளுக்கு ஊட்டி வறட்சியைக் கடக்கின்றனர். இரவிற் காற்றை உட்கொண்டு பகலில் துளைகளை மூடிக்கொள்வதால், கள்ளி சிறிது நீரிலும் தழைக்கும். மடலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்களவு நீரே. ஆகவே அது தாகமும் தணிக்கும். ஆனால் புரதச்சத்து மிகக் குறைவு. தனியே கொடுத்தால் மாடு கழியும். நறுக்கித் தட்டையொடும் வைக்கோலொடும் கலந்தே கொடுத்தல் வேண்டும். முள்ளுள்ள வகையாயின், நெருப்பில் வாட்டி முள்ளையும் சுணையையும் போக்கிய பின்னரே கொடுக்கலாம். நீர் தேங்கும் கரிசற்பள்ளம் அதற்கு ஆகாது, வேர் அழுகிவிடும். வடிகாலுள்ள மேடும் சரளை நிலமும் ஏற்றன.

இனி, ஓர் எச்சரிக்கை. 1926-இல் நமக்கு நண்பனாய் வந்த அப்பூச்சியே பிரேசிலின் வடகிழக்கில் தீவனக்கள்ளித் தோட்டங்களைப் பாழ்படுத்திற்று. 2014 முதல் மொராக்கோ நாட்டிலும் பெருநாசம் விளைத்தது. பிரேசிலார் பின்னர் அப்பூச்சியைத் தாங்கும் வகையைத் தேர்ந்து நட்டுத் தேறினர். நம் முன்னோர் ஜாதியறியாது பூச்சியைக் கொணர்ந்த பிழையை நாம் செடியிற் செய்யலாகாது. எனவே நம்மவர், முள்ளின்மை ஒன்றையே கருதாது, பூச்சி தாங்கும் வகையா என்று வினவி, முதலிற் சில மடல்களை மட்டும் நட்டுப் பார்த்துப் பின்பு பெருக்குவாராக. படப்புத் தீருமுன்னரே அம்முயற்சி தொடங்குக.