தேசிங்கு என்றொரு பெயர்

செஞ்சி வட்டத்துப் பழைய கிரயப் பத்திரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தால் இருந்திருந்தாற்போல ஒரு பெயர் எதிர்ப்படும். தேசிங்கு. சிலதில் தேசிங்குராஜன், சிலதில் தேசிங்குராஜா. எழுதிக் கொடுத்தவராக வருவார், எழுதி வாங்கியவராக வருவார், சாட்சி போட்ட இடத்தில் இடது பெருவிரல் ரேகைக்குப் பக்கத்தில் வருவார். சொத்து விவரத்தில் நான்கெல்லை சொல்லும்போது ‘தேசிங்கு பாகத்து நிலத்துக்கு மேற்கு, ஏரி வாய்க்காலுக்கு வடக்கு’ என்று எல்லைக்காரராகவும் வருவார். நான் செஞ்சியில் பத்திரம் எழுதுகிறவன். என் தகப்பனாருக்கும் அதே தொழில்தான். ஆட்களின் பெயரையும் அவர்கள் தகப்பன் பெயரையும் எழுதித்தான் எங்கள் குடும்பம் பிழைத்து வந்திருக்கிறது. அந்த உரிமையில் இந்த ஒரு பெயரைப் பற்றி எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்து ஆண்பிள்ளைப் பெயர்கள் பெரும்பாலும் கோவிலிலிருந்து வந்தவை. திருவண்ணாமலை அருகில் இருப்பதால் அண்ணாமலை, அருணாசலம். சிங்கவரத்துப் பெருமாளால் ரங்கநாதன், ரங்கசாமி. திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு ஏழுமலை, கோவிந்தன். மேலச்சேரியில் திரௌபதி அம்மன் இருப்பதால் தருமன், அர்ச்சுனன், சகாதேவன். பழைய செஞ்சி என்று சொல்லப்படும் அந்த மேலச்சேரியைத்தான் திரௌபதி வழிபாட்டின் தாய்வீடாகக் கொண்டு அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் ஆராய்ந்தார். அவர் நூலின் முதல் பாகம் 1988இல் வெளிவந்தது. காந்தி என்றும் போஸ் என்றும் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கத் தொடங்குவதற்கு முந்திய தலைமுறைப் பத்திரங்களில், சாமி பெயராகவும் இல்லாமல் பாரதத்துப் பெயராகவும் இல்லாமல், நிஜமாக வாழ்ந்து செத்த ஒரு மனிதனின் பெயராக என் கண்ணில் படுவது தேசிங்குதான்.

ஏழுமலைகளும் முனுசாமிகளும் கூட்டமாக வருவார்கள். தேசிங்கு தனியாக வருவார். செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை, ஆரணி, ஆற்காடு என்ற சுற்றுக்குள் இருப்பவர்களுக்கு இந்தப் பெயர் காதில் இயல்பாக விழும். தெற்கே போய் ஒரு மதுரைக்காரரிடம் சொன்னால் சினிமாப் பெயரா என்று கேட்பார்.

அந்தப் பெயருக்குரிய மனிதர் தமிழர் அல்லர். 1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் பிற்பாடு இங்கே வந்து அடைக்கலம் புகுந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் 1690இல் கோட்டையை முற்றுகையிட்டார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் இணைத்து ஓடும் மதிலை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த முற்றுகை ஏன் ஏழெட்டு ஆண்டு இழுத்தது என்பது விளங்கும். 1698 தொடக்கத்தில்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். பிடித்தவர்கள் ஊருக்கு நுஸ்ரத்கட் என்று புதுப்பெயர் வைத்தார்கள். அதற்கு முன்னால் பீஜப்பூர்க்காரர்கள் பாதுஷாபாத் என்று வைத்திருந்தார்கள். இரண்டு பெயரும் காகிதத்தோடு போயின. ஊர்க்காரன் வாயில் செஞ்சி செஞ்சியாகவே இருந்தது.

வட இந்தியாவின் புந்தேல்கண்டிலிருந்து வந்த சொரூப்சிங் என்ற ராஜபுத்திரரை 1700இல் ஔரங்கசீப் இந்தக் கோட்டைக்குக் கில்லேதாராக, அதாவது கோட்டைத் தலைவராக, நியமித்தார். ஏறக்குறைய பதினான்கு ஆண்டு அவர் இங்கே அதிகாரம் செய்தார். ஆற்காட்டுக்குச் செலுத்த வேண்டிய பணம் நெடுநாள் பாக்கி நின்றது. 1714இல் அவர் இறந்ததும் மகன் தேஜ்சிங் புந்தேல்கண்டிலிருந்து இளம் மனைவியோடு வந்து கோட்டையை ஏற்றுக்கொண்டார். ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் அதை ஒப்பவில்லை. தந்தைக்குக் கொடுத்த பர்மான் என்ற நியமன ஆணை மகனுக்குச் செல்லாது, இப்போது ஆளும் பாதுஷாவிடம் புதிதாக வாங்கி வா, பாக்கியையும் கட்டு என்றார். எங்கள் தொழில்மொழியில் சொன்னால் வாரிசுரிமைத் தகராறு. தேஜ்சிங் பணியவில்லை. 1714 அக்டோபர் 3ஆம் தேதி செஞ்சிக்கு வெளியே வெட்டவெளியில் சண்டை நடந்தது. நவாபிடம் பெரும்படை; இவரிடம் சில நூறு குதிரைக்காரர்களும் கொஞ்சம் காலாட்களும். அன்றே தேஜ்சிங் செத்தார். வயது இருபத்திரண்டு.

செஞ்சியை அவர் ஓராண்டுகூட ஆளவில்லை. ஏரி வெட்டவில்லை, கோவில் கட்டவில்லை, சாசனம் எதுவும் பொறிக்கவில்லை. பதினான்கு ஆண்டு அதிகாரம் செய்த அப்பனின் பெயரை இந்த வட்டாரத்தில் ஒரு பிள்ளைக்கு வைத்ததாக நான் ஒரு பத்திரத்திலும் பார்த்ததில்லை. ஜெயித்த நவாபின் பெயரையும் பார்த்ததில்லை. தோற்றுச் செத்த பையனின் பெயர்தான் உழவர் வீட்டுத் தொட்டிலுக்கு வந்தது. தேஜ்சிங் என்ற இரண்டு சொல்லும் எங்கள் வாயில் ஒன்றாகி, கடைசியில் ஓர் உகரமும் ஏறி, தேசிங்கு ஆனது.

அந்தப் பெயரைத் தொட்டில்வரை கொண்டுவந்து சேர்த்தவர்கள் கதைப்பாட்டுக்காரர்களும் கூத்தாடிகளும். கதையில் அப்பன் பெயர் தேரணிசிங். டில்லியில் யாருக்கும் அடங்காத பாராசாரி என்ற குதிரையை ஏறி ஓட்ட முடியாமல் அவன் சிறைப்படுகிறான். மகன் தேசிங்கு போய் அந்தக் குதிரையை அடக்கி அப்பனை மீட்கிறான். சிநேகிதன் மோவுத்துக்காரன், முஸ்லிம். வழுதாவூரில் அவன் கல்யாணம் நடக்கும்போது தேசிங்குவின் ஓலை வருகிறது. கல்யாணத்தை அப்படியே விட்டுவிட்டு நீலவேணிக் குதிரையில் ஏறி வருகிறான். சிங்கவரத்து ரங்கநாதர் இன்றைக்குச் சண்டை வேண்டாம் என்று தடுத்தும் தேசிங்கு கேட்பதில்லை. அப்போது பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது கதை. சிங்கவரத்துக் குடைவரையில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளின் முகச் சாய்வைக் காட்டி இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

பந்தத்து வெளிச்சத்தில் விடிய விடிய இந்தக் கதையைப் பார்த்துவிட்டு வந்த ஒரு குடியானவன் தன் பிள்ளைக்கு ஏன் அந்தப் பெயரை வைத்தான் என்பது எனக்குப் புரிகிறது. வரி பாக்கிக்காகத் தன் மாட்டையும் பாத்திரத்தையும் ஜப்தி கொடுத்தவன் அவன். அதே பாக்கியைக் கேட்டு வந்தவனை எதிர்த்து நின்ற ஒருவனை அவனுக்குப் பிடித்துப் போயிருக்கும். கல்யாணத்தைப் பாதியில் விட்டு வந்த சிநேகிதனையும் பிடித்துப் போயிருக்கும். கதையின் உயிர் அந்தச் சிநேகிதத்தில்தான் இருக்கிறது என்பேன். நீலாம்பூண்டியில் மோவுத்துக்காரனை அடக்கம் செய்த இடத்தைக் காட்டுகிறார்கள்.

தேசிங்குவை எரித்த இடம் என்று செட்டிக்குளத்துக் கரையில் ஒரு மேடை இருக்கிறது. அதே தீயில் அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்பதைப் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. புருஷனோடு தெரியாத தேசத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட நிறையாத ஒரு பெண்ணை அந்த வழக்கம் தின்றது. அவள் நினைவாக நவாப் வைத்த பெயர்தான் ராணிப்பேட்டை என்று வழங்கி வருகிறது. 2019இல் அது மாவட்டமாகவும் ஆனது. அவள் ஓர் ஊருக்குப் பெயரானாள், அவன் பிள்ளைகளுக்குப் பெயரானான்.

பெரிய எழுத்தில் அச்சிட்ட தேசிங்குராஜன் கதை சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்றது. 1936இல் ஒரு முறை படமானது. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து ராஜா தேசிங்கு வந்தது. அதற்குப் பிறகுதான் இந்தப் பெயர் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. ஆனால் பெயர் தெரிவது வேறு, பிள்ளைக்கு வைப்பது வேறு.

சொரூப்சிங்கைப் போலப் புந்தேல்கண்டிலிருந்து சிப்பாய்களாக வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் வட ஆற்காட்டிலும் இந்தப் பக்கமும் உண்டு. போண்டில் என்பது அவர்கள் சாதிப் பெயர். வீட்டுப் பேச்சில் இந்துஸ்தானி, வெளியில் தமிழ். அவர்கள் பெயரின் கடைசியில் சிங் தலைமுறை தலைமுறையாக மாறாமல் நிற்கிறது. தேசிங்குவின் பெயரோ அப்படி இறங்கவில்லை. சொந்தம் பந்தம் எதுவும் இல்லாத தமிழ்க் குடும்பங்கள் தாமாக எடுத்து வைத்துக்கொண்ட பெயர் அது.

இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே குடும்பப் பெயர் பரம்பரைச் சொத்தாகிவிட்டது. ஊர்ப் பெயரோ, தொழில் பெயரோ, பாட்டன் பெயரோ ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டால் பிறகு அது அப்பனிடமிருந்து மகனுக்கு மாறாமல் இறங்கும். ஆண்வாரிசு அற்றுப்போனால் பெயரும் அருகும். அப்படி பிரிட்டனிலேயே அரிதான ஒரு குடும்பப் பெயர் தேனிக்காரர்களுக்கு அத்துபடி. பென்னிகுவிக் என்பது ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே இருக்கும் ஒரு சிறு நகரின் பெயரிலிருந்து வந்தது. ஜான் பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் முடிந்தது. அந்தத் தண்ணீரில் நெல் விளைவித்த கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக் என்றே பெயர் வைத்தார்கள். கடப்பை, அனந்தப்பூர்ப் பக்கம் கலெக்டராக இருந்து பின்னால் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோவின் பெயரை வைத்து மன்றோலப்பா என்று தெலுங்குப் பிள்ளைகளை அழைத்தார்கள். மன்றோ, பென்னிகுவிக் இருவரும் குடியானவனுக்கு நல்லது செய்தவர்கள். செய்ந்நன்றியில் வந்த பெயர்கள் அவை. தேசிங்கு யாருக்கும் எதுவும் செய்ய நேரம் கிடைக்காமலே செத்தவன். இந்த மூன்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது தேசிங்கு பெயர்தான்.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். அதுவும் ஒரு தலைமுறைக்குத்தான். தேசிங்குவின் மகன் தே. ஏழுமலை, ஏழுமலையின் மகனுக்கு ‘ஏ’ வந்துவிடும், ‘தே’ போய்விடும். இந்த முறையில் ஒரு பெயர் முந்நூறு ஆண்டு பிழைத்ததென்றால் அதற்குக் காரணம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம். ஒரு தலைமுறை முதலெழுத்தாக ஒடுங்கி இருந்து, அடுத்த தலைமுறையில் மறுபடி முழுப் பெயராக எழும்பும்.

அந்த வழக்கத்துக்குள்ளேயே ஒரு சிக்கலும் இருந்தது. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பேரனுக்குத் தேசிங்கு என்று வைத்துவிட்டால் பெற்ற தாய் அவனை எப்படிக் கூப்பிடுவாள்? ராஜா என்பாள். வீட்டில் ராஜா, பள்ளிக்கூடத்தில் தேசிங்கு. பிறகு நிலம் வாங்கவோ விற்கவோ எங்களிடம் வரும்போது ‘தேசிங்கு என்கிற ராஜா’ என்று எழுத வேண்டி வரும். ரேஷன் கார்டில் ஒரு பெயர், பட்டாவில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்றால் இப்போது பதிவு ஓடாது. ஆங்கில எழுத்தில் வேறு ஆளுக்கொரு மாதிரி எழுதி வைத்திருப்பார்கள். அலைந்து சலித்தவர்கள் கடைசியில் இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்கிறார்கள். பெரும்பாலும் நிற்பது ராஜாதான். தேசிங்கு அங்கேயே கழன்று விழுந்துவிடுகிறது.

இப்போது என்னிடம் வரும் பத்திரங்களில் தேசிங்கு அநேகமாக அப்பாவாகவோ தாத்தாவாகவோ இருக்கிறார். இறப்புச் சான்றிலும் வாரிசுச் சான்றிலும் அவரைப் பார்க்கிறேன். பிள்ளைகள் பெயரில் பார்ப்பதில்லை. கூத்தில் பாரதம் இன்னும் நடக்கிறது. தேசிங்கு நாடகம் வைக்கும் ஊர்கள் குறைந்துவிட்டன. காதில் விழாத பெயரை யார் பிள்ளைக்கு வைப்பார்கள்?

2025 ஜூலையில் மராட்டியப் படைத்தலங்கள் என்ற தொகுப்பில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டும்தான். எனக்கு நிரம்பச் சந்தோஷம். கல்லையும் மதிலையும் இனி உலகம் பார்த்துக்கொள்ளும். பெயரைப் பார்த்துக்கொள்ள நம்மை விட்டால் ஆள் இல்லை.

அதனால் ‘தே’ என்று முதலெழுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் தாய்ப்பத்திரம் இருந்தால் எடுத்து, தேசிங்கு யாருக்கு மகன், யாருக்குப் பேரன் என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த முறை பத்திரம் எழுத வரும்போது தகப்பனார் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கிச் சொல்லாதீர்கள். முழுதாகச் சொல்லுங்கள், முழுதாக எழுதுகிறோம்.